தென்னாப்பிரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக வேண்டுமா? பாடத்திலிருந்து தொடங்குங்கள்

"பிள்ளைக்கு டீச்சர் ஆகணும்னு ஆசை. எத்தனை மார்க் வேணும்?" டர்பன் பக்கம் கோவில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஆசிரியர்களிடம் இந்தக் கேள்வி தவறாமல் வரும். நம் குடும்பங்களுக்கு இந்தத் தொழில் மேல் பழைய மரியாதை உண்டு. 1929இல் டர்பனில் திறந்த சாஸ்திரி கல்லூரி, வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்த சீனிவாச சாஸ்திரியின் பெயரைத் தாங்கியது. இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் படிப்பே அரிதாக இருந்த காலத்தில் அது வந்தது.

ஆனால் மார்க் இரண்டாவது கேள்வி. "எந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கப் போகிறாய்?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் பல்கலைக்கழகத்தில் என்ன எடுக்க வேண்டும், பன்னிரண்டாம் கிரேடு முடிவில் எழுதும் மெட்ரிக்கில் என்ன இருக்க வேண்டும், ஒன்பதாம் கிரேடு முடிவில் பாடத் தேர்வுப் படிவத்தில் எந்தப் பெட்டியில் டிக் போட வேண்டும் என்று பின்னோக்கி வரிசையாகத் தெரிந்துவிடும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: வகுப்பையும் பாடத்தையும் முடிவு செய்யுங்கள்

இங்கே பள்ளிக் கல்வி நான்கு கட்டம். ஆர் கிரேடு முதல் 3 வரை ஒன்று, 4 முதல் 6 வரை ஒன்று, 7 முதல் 9 வரை சீனியர் ஃபேஸ், 10 முதல் 12 வரை எஃப்.இ.டி. உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்குக் கடைசி இரண்டும்தான் களம். பயிற்சியும் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே இருக்கும்.

பலர் குழம்புவது இங்கேதான். 7 முதல் 9 வரை பாடங்கள் கூட்டாக இருக்கும். பத்தாம் கிரேடில் அவை பிரிந்துவிடும். நேச்சுரல் சயின்சஸ் என்ற ஒரே பாடம் பத்தாவதில் ஃபிசிக்கல் சயின்சஸ், லைஃப் சயின்சஸ் என்று இரண்டாகிறது. சோஷியல் சயின்சஸ் வரலாறாகவும் புவியியலாகவும் பிரிகிறது. இ.எம்.எஸ். என்கிற பொருளாதாரப் பாடம் அக்கவுண்டிங், பிசினஸ் ஸ்டடீஸ், எகனாமிக்ஸ் என்று மூன்றாகிறது. ஆகவே "நான் சயின்ஸ் டீச்சர்" என்று மட்டும் சொன்னால் போதாது. பத்தாவதுக்கு மேல் எந்த சயின்ஸ் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு பாடங்களாக யோசியுங்கள். ஒன்றை 12ஆம் கிரேடு வரை நடத்துகிற அளவுக்கு ஆழமாகப் படிக்க வேண்டும். இன்னொன்றையும் கையில் வைத்திருந்தால்தான் பள்ளி முதல்வர் உங்களை நேர அட்டவணையில் பொருத்த முடியும். கணிதமும் ஃபிசிக்கல் சயின்சஸும், அக்கவுண்டிங்கும் இ.எம்.எஸ்ஸும், ஆங்கிலமும் வரலாறும் இயல்பான ஜோடிகள். வாழ்க்கைத் திறன் பாடமான லைஃப் ஓரியண்டேஷனையும் நாடகத்தையும் சேர்த்து எடுப்பவர்களும் உண்டு. ஆசை இருந்தால் சரி, ஆனால் வேலை தேடும்போது நிறைய அலைய வேண்டியிருக்கும்.

தமிழ் சொல்லிக் கொடுக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்ரிக் பாடப் பட்டியலில் இரண்டாம் கூடுதல் மொழியாகத் தமிழ் இருக்கிறது. 2014இல் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் அரசுப் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஐந்தையும் மறுபடி கொண்டுவரும் அறிவிப்பு வந்தபோது நம் சங்கங்கள் மகிழ்ந்தன. பட்டியலில் இருப்பதும் உங்கள் தெருப் பள்ளியில் அதற்கு ஒரு பணியிடம் இருப்பதும் வேறு வேறு விஷயங்கள். தமிழை இரண்டாவது பாடமாக வையுங்கள். சம்பளத்துக்கு ஆங்கிலமோ கணிதமோ முன்னால் நிற்கட்டும்.

படி 2: இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி பி.எட். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கவனிக்க வேண்டியது: இங்கே பி.எட். பட்டத்துக்குப் பிறகு படிப்பதல்ல. மெட்ரிக் முடித்ததும் நேராகச் சேரும் நான்காண்டுப் பட்டம் அது. பாடமும் கற்பிக்கும் முறையும் ஒன்றாகவே வரும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இது பைன்டவுனிலுள்ள எட்ஜ்வுட் வளாகத்தில் நடக்கிறது. வீட்டிலிருந்து படிக்க யுனிசா என்ற தொலைநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

இரண்டாவது வழி: பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். என்று ஏதாவது ஒரு பட்டம், அதன்மேல் பி.ஜி.சி.இ. என்ற ஓராண்டு ஆசிரியர் பயிற்சி. தமிழ்நாட்டு பி.எட்டுக்கு நிகர் இதுதான்.

பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் தொழில்தான் என்று மனதில் உறுதி இருந்தால் பி.எட். நல்லது. இன்னும் தெளிவில்லை, ஆனால் கணிதமோ வேதியியலோ பிடிக்கும் என்றால் பட்டம் முதலில். பிறகு மனம் மாறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

படி 3: ஒன்பதாம் கிரேடு முடிவில் செய்யும் தேர்வு

மெட்ரிக்கில் ஏழு பாடங்கள். இரண்டு மொழிகள், கணிதம் வகையில் ஒன்று, லைஃப் ஓரியண்டேஷன், அப்புறம் விருப்பப் பாடங்கள் மூன்று. இதில் மீண்டு வருவது மிகக் கடினமான முடிவு ஒன்றுண்டு. அது மேத்தமேட்டிக்ஸா, அன்றாடக் கணக்கைச் சொல்லித் தரும் மேத்தமேட்டிகல் லிட்டரசியா என்பது.

"மேத்ஸ் லிட்" எடுத்தால் மார்க் ஏறும், வீட்டில் சண்டை குறையும். ஆனால் கணிதம், ஃபிசிக்கல் சயின்சஸ் இரண்டையும் கற்பிக்கும் கதவு அங்கேயே மூடிவிடும். அக்கவுண்டிங், எகனாமிக்ஸ் பக்கமும் பல பல்கலைக்கழகங்கள் கணிதத்தைத்தான் கேட்கின்றன. மேத்ஸ் லிட்டுடன் மொழி, வரலாறு, லைஃப் ஓரியண்டேஷன் பக்கம் போகலாம். அது கெட்ட தேர்வல்ல, தெரிந்து எடுத்தால் சரி. பதினோராவதில் திரும்ப மேத்ஸுக்குப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு, பத்தாவதின் இயற்கணிதமும் முக்கோணவியலும் விட்டுப்போயிருக்கும். ஓராண்டுப் பாடத்தை டியூஷனில் பிடிப்பது பெரும் பாடு.

மற்றவை எளிது. கற்பிக்க விரும்பும் பாடத்தை மெட்ரிக்கில் வைத்திருங்கள். உயிரியல் ஆசிரியர் ஆக லைஃப் சயின்சஸ், புவியியலுக்குப் புவியியல். வரலாறு போன்ற சில பாடங்களில் மெட்ரிக்கில் இல்லாவிட்டாலும் நல்ல மொழி மதிப்பெண்ணைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அறிவியலிலும் கணிதத்திலும் அந்தச் சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

படி 4: மதிப்பெண்ணைக் கணக்கிடுங்கள்

பட்டப்படிப்புக்கு 'பேச்சலர்ஸ் பாஸ்' வேண்டும். 'ஹோம் லாங்குவேஜ்' நிலையில் எடுத்த மொழியில் குறைந்தது 40 சதவீதம், லைஃப் ஓரியண்டேஷன் தவிர்த்த நான்கு பாடங்களில் தலா 50 சதவீதம் என்பது அதன் எலும்புக்கூடு. அதற்கு மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஏ.பி.எஸ். என்ற புள்ளிக் கூட்டல் வைத்திருக்கிறது. 80உம் அதற்கு மேலும் 7 புள்ளி, 70களுக்கு 6, 60களுக்கு 5, 50களுக்கு 4, 40களுக்கு 3, 30களுக்கு 2.

டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் 68, இசிசுலு (சுலு மொழி) 61, கணிதம் 63, ஃபிசிக்கல் சயின்சஸ் 58, லைஃப் சயின்சஸ் 71, புவியியல் 66, லைஃப் ஓரியண்டேஷன் 80. லைஃப் ஓரியண்டேஷனைச் சேர்க்காத பல்கலைக்கழகத்தில் 5, 5, 5, 4, 6, 5 சேர்ந்து 30. அந்த 80ஐப் பார்த்து வீட்டில் கேக் வெட்டியிருப்பார்கள், ஆனால் இங்கே அதற்கு மதிப்பில்லை. சில பல்கலைக்கழகங்கள் வேறு மாதிரிக் கூட்டுவதால், விண்ணப்பிக்கும் இடத்தின் அந்த ஆண்டுக் கையேட்டை வைத்தே கணக்குப் போடுங்கள். இந்த மாணவிக்கு லைஃப் சயின்சஸ் முதல் பாடமாகவும் புவியியல் இரண்டாவதாகவும் நன்றாக அமையும். ஃபிசிக்கல் சயின்சஸ் 58ஐ வைத்து அதையே முதல் பாடமாக்குவதற்கு முன் நான் ஒரு தடவை யோசிப்பேன்.

படி 5: ஏற்கெனவே பட்டம் இருந்தால் மார்க் பட்டியலை எடுங்கள்

பி.ஜி.சி.இ.க்கு வருபவர்கள் அதிகம் இடறுவது இங்கே. பட்டத்தின் பெயரை யாரும் பார்ப்பதில்லை. அதற்குள் எந்தத் தாள்கள், எந்த ஆண்டு நிலை வரை என்றுதான் பார்ப்பார்கள். 2011இல் வந்து 2015இல் திருத்தப்பட்ட அரசின் ஆசிரியர் கல்விக் கொள்கை, பட்டத்தில் கற்பிக்கும் பாடத்துக்குப் போதுமான அளவு பாட அறிவு இருக்க வேண்டும் என்கிறது. பல்கலைக்கழகங்கள் இதைப் பொதுவாக இப்படிப் படிக்கின்றன: முதல் பாடம் மூன்றாம் ஆண்டு நிலை வரை, இரண்டாவது இரண்டாம் ஆண்டு நிலை வரை. சீனியர் ஃபேஸ் பாடத்துக்கு அதைவிடக் குறைவாகவும் ஏற்பதுண்டு.

ஒரு வெற்றுக் காகிதத்தில் மூன்று பத்தி வரையுங்கள். முதலில் தாளின் பெயர், அடுத்து எந்த ஆண்டு, மூன்றாவதில் அது எந்தப் பள்ளிப் பாடத்துக்குச் சேரும். பி.காம். முடித்தவரின் பட்டியலில் ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் மூன்றாம் ஆண்டு வரை இருந்தால், நேராக அக்கவுண்டிங். எகனாமிக்ஸ் இரண்டாம் ஆண்டு வரை என்றால் அது இரண்டாவது பாடம். மார்க்கெட்டிங், மனிதவளம் எல்லாம் பிசினஸ் ஸ்டடீஸுக்கு உதவலாம், ஆனால் அதைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகத் துறை. கமர்ஷியல் லா எதிரே மூன்றாவது பத்தி காலியாகவே இருக்கும். சட்டப் பட்டதாரிகள் சிக்குவதும் இதனால்தான். நல்ல பட்டம், ஆனால் பள்ளியில் சட்டம் என்று ஒரு பாடமே இல்லை.

ஃபிசிக்கல் சயின்சஸுக்கு இயற்பியலும் வேதியியலும் இரண்டும் வேண்டும். வேதியியல் மூன்றாண்டு படித்துவிட்டு இயற்பியலை ஒரு தாள்கூடத் தொடாதவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதலாக ஒரு முதலாண்டுத் தாள் எழுதச் சொல்வார்கள். யுனிசாவில் தனித் தாள்களாகப் பதிவு செய்து இதை முடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உளவியல் படித்தவர்களுக்கு லைஃப் ஓரியண்டேஷன், கணினி அறிவியலுக்கு ஐ.டி.

வேலைக்காக ஜொகனஸ்பர்க்கும் டர்பனும் வந்த தமிழ்நாட்டு பி.இ. பட்டதாரிகளுக்கு: உங்கள் பட்டியலில் 'எஞ்சினியரிங் மேத்தமேட்டிக்ஸ்' எத்தனை பருவங்களில் இருக்கிறதோ அதுதான் உங்கள் முதலீடு. வெளிநாட்டுப் பட்டம் என்பதால் முதலில் சாக்வா என்ற தகுதி ஆணையத்தின் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். பாடத்திட்ட நகலையும் அண்ணா பல்கலைக்கழகமோ எதுவோ, அங்கிருந்தே வரவழைத்து வையுங்கள். தாளின் பெயர் மட்டும் பார்த்து எவ்வளவு கணிதம் என்று இங்கே தீர்மானிக்க முடியாது. தமிழ்நாட்டிலேயே பி.எட். முடித்தவர்கள் பி.ஜி.சி.இ.யை மறுபடி படிப்பதற்கு முன், சாக்வா மதிப்பீட்டுடன் நேரடி ஆசிரியர் பதிவுக்கு முயன்று பாருங்கள்.

படி 6: இசிசுலுவைத் தள்ளிப் போடாதீர்கள்

ஆசிரியர் பயிற்சியை முடிப்பவர் ஒரு அதிகாரபூர்வ மொழியில் பாடம் நடத்தும் தேர்ச்சியும் இன்னொன்றில் சாதாரணமாகப் பேசும் அளவும் பெற்றிருக்க வேண்டும் என்பது அதே ஆசிரியர் கல்விக் கொள்கையின் நிபந்தனை. முதல் மொழி ஆங்கிலமோ ஆஃப்ரிகான்ஸோ என்றால் இரண்டாவது ஒரு ஆப்பிரிக்க மொழியாகவோ, 2023இல் பன்னிரண்டாவது அதிகாரபூர்வ மொழியான தென்னாப்பிரிக்கச் சைகை மொழியாகவோ இருக்க வேண்டும். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் 2014 முதலே இளநிலை மாணவர்களை இசிசுலு படிக்கச் சொல்கிறது.

மெட்ரிக்கில் கூடுதல் மொழியாக ஆஃப்ரிகான்ஸ் எடுப்பது நம் வீடுகளில் பழக்கம், அண்ணன் எடுத்தான், அக்கா எடுத்தாள் என்பதே காரணம். ஆசிரியர் ஆகப் போகும் பிள்ளைக்கு, அந்தப் பள்ளியில் இசிசுலு இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் வீட்டில் பேசுவது அதுதான்.

படி 7: விண்ணப்பமும் பணமும்

குவாசுலு-நட்டாலின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற மைய அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கிறோம். யுனிசாவுக்கு நேரடியாக. பன்னிரண்டாவது படிக்கும் ஆண்டிலேயே செய்ய வேண்டும், ரிசல்ட் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். பல இடங்களில் பதினோராம் கிரேடு மதிப்பெண்ணை வைத்தே தற்காலிக இடம் தருகிறார்கள்.

அரசு ஆசிரியர் பயிற்சிக்கென்றே தரும் ஃபுன்சா லுஷாகா உதவித்தொகை 2007இல் தொடங்கியது. இதற்கும் பாடத் தேர்வுக்கும் நேர்த் தொடர்பு உண்டு. முன்னுரிமைப் பாடங்கள் என்று அரசு வெளியிடும் பட்டியலில் உங்கள் பாடம் இருக்க வேண்டும். படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டு அரசுப் பள்ளியில் வேலை செய்ய வேண்டும், அது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இல்லையென்றால் பணம் கடனாக மாறும். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை அப்பா அம்மா இருவரும் உட்கார்ந்து படியுங்கள்.

படி 8: பள்ளிப் பயிற்சியும் பதிவும்

பி.எட்டில் நான்கு ஆண்டுகளில் சேர்த்து 20 முதல் 32 வாரம், பி.ஜி.சி.இ.யில் 8 முதல் 12 வாரம் பள்ளியில் நின்று பாடம் நடத்த வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் படிப்பவர்கள் இந்த விடுப்பை முதலாளியிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்கும் குறுக்குவழி எதுவும் கிடையாது.

கடைசியாக சேஸ் என்ற கல்வியாளர் மன்றம். அதில் பதியாமல் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்த முடியாது. மாணவர்களுக்குத் தற்காலிகப் பதிவு உண்டு. முழுப் பதிவுக்குச் சான்றிதழ்களோடு போலீஸ் நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். அது வர வாரக்கணக்கில் இழுக்கும், மிகப் பழையதாக இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். கடைசிப் பள்ளிப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது கைரேகை கொடுத்துவிட்டால் பட்டமளிப்பும் சான்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கைக்கு வரும்.