கண்டிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இலங்கைக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் கண்டிக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு பகலும் ஓர் இரவும்தான். காலையில் கொழும்பிலிருந்து வேன், வழியில் பின்னவல யானைகள், மசாலாப் பயிர்கள் வளரும் ஒரு வாசனைத் தோட்டம், மதியம் தலதா மாளிகை, மாலையில் நடனம், மறுநாள் விடிந்ததும் நுவரெலியா. இதில் கண்டி ஏரி எங்கே வருகிறது? வேன் ஜன்னலில்.

முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன. கண்டியில் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து ரசிக்கக்கூடியவை எல்லாம் அதிகாலையிலோ அந்தி நேரத்திலோதான் நன்றாக இருக்கும். ஒரே இரவு தங்கினால் ஓர் அந்தி, ஓர் அதிகாலை. அந்த அதிகாலையும் பெட்டி கட்டுவதில் போய்விடும். இரண்டு இரவு தங்குங்கள். நுவரெலியாவில் ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை என்பது என் கட்சி. எலும்பு நடுங்கும் குளிருக்காகவே போகிறவர்கள் மன்னிக்கவும்.

ஏரியை மத்தியானத்தில் சுற்றுவது

கண்டி ஏரியைச் சுற்றி நடக்க மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகும். ஏற்ற இறக்கம் இல்லை. தாத்தா பாட்டிகூட நடக்கலாம். ஆனால் ஏரியை ஒட்டியே பெரிய சாலை ஓடுகிறது. சுற்றிலும் பள்ளிக்கூடங்கள். இலங்கையில் பள்ளி விடுவது பகல் ஒன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் வேன்களும் பஸ்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று புகை கக்கிக்கொண்டிருக்கும்போது, வெயிலில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டு, ‘கண்டி ஏரியில் ஒன்றுமில்லை’ என்று ஊர் திரும்பிச் சொல்பவர்கள் உண்டு.

காலை ஆறு, ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். ஊர்க்காரர்கள் நடைப்பயிற்சியில் இருப்பார்கள். தண்ணீரில் நீர்க்காகங்கள் மூழ்கி எழும். கரையோரம் பெரிய நீர் உடும்பு ஏதாவது சோம்பலாகக் கிடக்கும், குழந்தைகளுக்கு அது போதும். கையை நீட்டாமல் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். இது பாதுகாக்கப்பட்ட நீர்நிலை, மீன் பிடிக்கத் தடை இருக்கிறது. அதனால் மீன்கள் பயமில்லாமல் கரைக்கு வரும். அந்தி நேரமும் அழகுதான். ஆனால் பறவைகள் மரங்களில் அடையும் நேரம் அது. மரத்தடியில் நின்று படம் எடுத்தால் தலைக்கு என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குறை, ஏரியைப் பற்றி எதுவும் தெரியாமல் போவது. தமிழ்க் குழந்தைகளுக்குச் சொல்ல இங்கே நல்ல கதை இருக்கிறது. வயலாகக் கிடந்த பள்ளத்தில் கரை கட்டி, 1807இல் இந்த ஏரியை உண்டாக்கத் தொடங்கியவன் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரைப் பக்கத்திலிருந்து போன நாயக்கர் வம்சம். இயற்பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேயே 1832இல் இறந்தான். வேலூரில் அவன் நினைவாக முத்து மண்டபம் இருக்கிறது. கரையோரச் சுவர் மேகம்போல வளைந்து வளைந்து போகும். அதிலுள்ள முக்கோண மாடங்கள் விளக்கு வைப்பதற்கு. அந்தச் சுவரை முடிக்கும் முன்பே அரசன் ஆட்சியை இழந்துவிட்டான். நடுவில் தெரியும் குட்டித் தீவுக்கு அரண்மனையிலிருந்து சுரங்கப்பாதை இருந்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். குழந்தைகள் நம்பிவிடுவார்கள்.

படகில் ஏற நினைத்தால் கட்டணம் தலைக்கா, படகுக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மிதவை அங்கி இல்லாமல் சிறுவர்களை ஏற்ற வேண்டாம்.

தலதா மாளிகை: நேரம், உடை, எதிர்பார்ப்பு

புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருக்கும் இடம் இது. பலர் பல்லையே பார்க்கலாம் என்று நினைத்துப் போகிறார்கள். சாதாரண நாளில் பார்க்க முடியாது. பூஜை நேரத்தில் மேல்மாடிக் கருவறையின் கதவு திறக்கும்போது பொன் பேழையைத் தள்ளி நின்று சில நொடி பார்க்கலாம். அவ்வளவுதான். இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், வரிசையில் நின்று முன்னால் போனதும் ‘எங்கேம்மா பல்லு?’ என்ற அழுகை மிச்சம்.

பூஜை வழக்கமாகக் காலை ஐந்தரை, ஒன்பதரை, மாலை ஆறரை. இடைப்பட்ட நேரத்தில் போனால் கட்டடம் மட்டும்தான் கிடைக்கும். மேளம் இருக்காது. கீழ்த்தளத்தில் மேளக்காரர்கள் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்பதுதான், என்னைக் கேட்டால், மேலே வரிசையில் நிற்பதைவிடப் பெரிய அனுபவம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் கீழேயே நிற்கலாம். மாலைப் பூஜைக்குக் கூட்டம் அதிகம், குறைந்தது அரை மணி நேரம் முன்னால் போக வேண்டும். காலை ஒன்பதரை சற்று நிதானம்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் சறுக்குவது அரைக்கால் சட்டையில். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். வேட்டி, சேலை, சுடிதார் எதுவும் சரி. வெள்ளை உடுத்திப் போனால் ஊரோடு ஊராக இருப்பீர்கள். செருப்பை வெளியே விட்டுவிட வேண்டும். மதியத்தில் கல்தரை சுடும், சின்னவர்களுக்குக் காலுறை எடுத்துப் போங்கள்.

படம் எடுக்கும்போது புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. செல்ஃபி என்றாலே முதுகு காட்டுவதுதானே? அதனால் சிலை முன் செல்ஃபியே வேண்டாம். இதை அங்கே லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை 2014இல் நாட்டைவிட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

மாளிகை வளாகத்தில் பலர் தவறவிடுவது ‘ராஜா’ யானையை. பெரஹெரா ஊர்வலத்தில் பல ஆண்டுகள் பேழையைச் சுமந்த கொம்பன் யானை. 1988இல் இறந்த பிறகு அதன் உடலைப் பாடம் செய்து தனிக் காட்சிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். பல வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊர் திரும்பியபின் நினைவில் நிற்பது இதுவாகத்தான் இருக்கும். பக்கத்திலேயே பத்தினித் தெய்வத்தின் கோயிலும் இருக்கிறது. பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகிதான்.

மாலை ஐந்து மணி வாக்கில் ஏரிக்கரை அரங்குகளில் கண்டி நடனம் நடக்கும். ஒரு மணி நேரம்தான். முடிந்ததும் அப்படியே நடந்து மாலைப் பூஜைக்குப் போகலாம் என்று சொல்வார்கள். பெரியவர்களுக்குச் சரி. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் இரண்டையும் ஒரே மாலையில் வைக்காதீர்கள். முதலில் மேளம், கடைசியில் தீ மிதி, அப்புறம் மறுபடி மேளமும் கூட்டமும் என்றால் பிள்ளை தாங்காது. இரண்டு இரவு தங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேராதனையை மிச்ச நேரத்துக்கு வைப்பது

நகரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் பேராதனை தாவரவியல் பூங்கா. 147 ஏக்கர், மகாவலி ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. மாலை நாலு மணிக்குப் போய், ஐந்து மணிக்கு விசில் ஊதி வெளியே அனுப்பும்போது ஆர்க்கிட் வீட்டை மட்டும் பார்த்துவிட்டு வருவது மகா தவறு. காலை எட்டு மணிக்கு உள்ளே இருங்கள். அரை நாள் தாராளமாகப் போகும்.

பூவை விட மரங்களுக்காகத்தான் அங்கே போக வேண்டும். பெரிய புல்வெளியின் நடுவே கிளைகளைக் குடையாக விரித்து நிற்கும் ஜாவா அத்தி, வரிசையாக நிற்கும் பனை வகை மரங்களின் சாலை, தொடை பருமனுள்ள மூங்கில், இரட்டைத் தேங்காய் காய்க்கும் மரம். 1901இல், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரம் இன்னும் நிற்கிறது. நம் சிவன் கோயில்களில் பார்க்கும் அதே மரம்தான். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் இந்தப் பூங்காவில்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். உயரமான மரங்களில் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைக் கண்டதும் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் விடாது. குடைக்குக் கீழே ஒட்டி உட்கார்ந்திருக்கும் காதல் ஜோடிகள் பூங்காவின் நிரந்தரக் காட்சி. ‘அவங்க ஏன் மழையில்லாம குடை பிடிக்கிறாங்க?’ என்று கேள்வி வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மாளிகைக்குப் பின்னால் இருக்கும் உடவத்தகலை காடும் நல்ல நடைதான். ஆனால் மழை பெய்த மறுநாள் அட்டைகள் காலில் ஏறும். பயப்படும் பிள்ளை என்றால் விட்டுவிடுங்கள்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் தேங்காய்ச் சம்பலைப் பார்த்ததும் ‘நம்ம துவையல் மாதிரி’ என்று எடுத்துவிடுவார்கள். அதில் மாசிக் கருவாடு இடித்துப் போடுவது அங்கே வழக்கம். ‘மாசி போட்டதா?’ என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், கண்டியில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. நகரில் தமிழர் நடத்தும் சைவக் கடைகளும் இருக்கின்றன. பருப்புக் கறி, இடியப்பம், ஆப்பம் இவற்றில் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். காரம் நம் ஊரைவிட ஒரு படி மேல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கொத்து ரொட்டிக்குக் காரம் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள்.

தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் ரோல்ஸ், கட்லட், மீன் பன் எல்லாம் ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். கேட்காமலே வைக்கிறார்களே என்று பதற வேண்டாம், எடுத்ததற்கு மட்டும்தான் காசு. எருமைத் தயிரில் கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) ஊற்றிச் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். ஜூன், ஜூலையில் போனால் சந்தையில் ரம்புட்டான் குவிந்திருக்கும்.

நாளும் ஆளும்

ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை. அன்று தலதா மாளிகையில் நெரிசல், இறைச்சியும் மதுவும் கிடைக்காது. ஜூலை–ஆகஸ்டில் பத்து இரவுகள் எசல பெரஹெரா. யானைகளும் தீப்பந்தங்களும் சாட்டை வீச்சுமாக அது பிரமாதம்தான், சந்தேகமில்லை. ஆனால் கடைசி இரவுகளில் இடம் பிடிக்க மதியமே போய் உட்கார வேண்டும், சாலைகள் மூடப்படும், அறை வாடகை எகிறும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தொடக்க நாட்களின் ஊர்வலம் போதும், அதற்குப் பெயர்தான் ‘கும்பல் பெரஹெரா’. அளவில் சிறியது, கூட்டமும் குறைவு.

ஏரிக்கரையில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, ‘என்னைத் தெரியலையா? நீங்க தங்கியிருக்கிற ஹோட்டல்ல சமையல்காரன்’ என்பார். ஹோட்டல் பெயரைக் கேட்டால் உங்களையே சொல்ல வைப்பார். பிறகு ‘இன்று மட்டும் விசேஷம்’ என்று ஏதாவது கடைக்கோ நிகழ்ச்சிக்கோ கூட்டிப்போவார். சிரித்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள். ஓட்டோக்காரர் தானாகவே காட்டும் இரத்தினக் கல் கடையும் வாசனைத் தோட்டமும் கமிஷன் கணக்குதான். ஏறும் முன் கட்டணம் பேசுங்கள், இல்லையென்றால் வாடகை வண்டி அழைக்கும் பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள்.

பின்னவலயைக் கண்டியில் தங்கிக்கொண்டு தனி நாளாகப் போய்வரத் தேவையில்லை. கொழும்பிலிருந்து வரும் வழியில் கேகாலைப் பக்கம் இருக்கிறது. யானைகள் ஆற்றுக்குக் குளிக்கப் போவது வழக்கமாகக் காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும், அதற்கேற்ப வேனைக் கிளப்புங்கள். பின்னவல வேண்டாம் என்றால் வேனும் வேண்டாம், ரயிலில் வாருங்கள். கொழும்பு கோட்டையிலிருந்து மூன்று மணி நேரம் போல ஆகும். மலைப் பாதையில் மண்சரிவு வந்தால் சேவை நிற்கும், அதனால் ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். முன்பதிவு இல்லாமல் ஏறினால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கண்டிக்குப் போகும்போது பள்ளத்தாக்குத் தெரிவது வலப்பக்க ஜன்னலில், பதிவு செய்யும்போதே அந்தப் பக்கம் கேளுங்கள். வாசலில் தொங்கிப் படம் எடுக்கும் ஆசையை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். வடைக்காரர் கூடையோடு வருவார், சில்லறை மாற்றி வைத்திருங்கள். இறால் வடையும் பருப்பு வடையும் ஒரே கூடையில்தான் இருக்கும், சைவக்காரர்கள் பார்த்து வாங்குங்கள்.