சுகர் இருக்கா? கண்ணுக்குள்ளயும் ஒரு தடவ பாத்துருங்க

எங்க பெரியப்பா மேலூர்ல இருக்காரு, சுகர் வந்து 14 வருசமாச்சு, பேப்பர் நல்லாத்தான படிக்கிறேன் எனக்கெதுக்கு கண் டாக்டர்னு தட்டிக்கழிச்சுக்கிட்டே இருந்தாரு, போன மாசம் விடாப்பிடியா கூட்டிட்டுப் போய் காட்டுனா விழித்திரைல ரத்தக்கசிவு ஆரம்பிச்சிருக்கு. இதுல கொடுமையே இதுதாங்க, ஆரம்பத்துல வலியும் இருக்காது மங்கலும் தெரியாது.

கண்ணாடிக் கடைல பவர் செக் பண்றது பத்தாது. சொட்டு மருந்து ஊத்தி கண்மணிய விரிய வச்சு உள்ள விழித்திரையப் பாக்கணும். பெரும்பாலும் பெரியவங்களுக்கு வர்ற டைப் 2 வகைன்னா சுகர்னு தெரிஞ்ச உடனே ஒரு தடவ, அப்புறம் வருசா வருசம். சுகர் வந்து வருசம் ஆக ஆக ரிஸ்க் கூடும், அதோட பிரஷர், கொழுப்பு, கிட்னி பிரச்சன, சிகரெட்டுன்னு சேந்தா இன்னும் வேகமா முத்தும். ஏற்கனவே சுகர் இருக்குற பொண்ணுங்க மாசமா இருந்தா முதல் மூணு மாசத்துலயே காட்டிருங்க, தள்ளிப்போடாதீங்க.

நம்ம மதுரைல 1976லயே ஆரம்பிச்ச அரவிந்த் கண் ஆஸ்பத்திரி அண்ணா நகர்ல இருக்கு, வெளியூர்க்காரங்களே தேடி வர்றாங்க. மருந்து ஊத்துனா சில மணி நேரம் கிட்ட இருக்கறது மங்கலா தெரியும், மதுர வெயிலுக்கு கண்ணு ரொம்ப கூசும், அதனால பைக்க வீட்லயே விட்டுட்டு தொணைக்கு ஒரு ஆளோட பஸ்ல போங்க, கூலிங் கிளாசும் மூணு மாச சராசரி சுகர் ரிப்போர்ட்டும் கையோட எடுத்துக்கோங்க.