தாவர ஓவியம்: வரையும் முன்னும் வரையும்போதும்

தாவர ஓவியம் பழகுவோர் பென்சிலை எடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: வரையப்போவது கண்முன் இருக்கும் இந்த ஒரு செடியையா, அது சார்ந்த இனத்தையா? 1530-இல் வெளிவரத் தொடங்கிய ஓட்டோ புருன்ஃபெல்சின் மூலிகை நூலுக்குப் படம் வரைந்த ஹான்ஸ் வைடிட்ஸ், வாடிய இலையையும் ஒடிந்த தண்டையும் கண்டது கண்டபடியே பதிவு செய்தார். 1542-இல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் வெளியிட்ட நூலின் ஓவியர்களோ இத்தகைய குறைகளை விலக்கி, பூவும் காயும் ஒரே செடியில் தெரியுமாறு வரைந்தனர். வைடிட்சின் படங்களில் உயிர்ப்பு மிகுதி. ஆனால் செடியை அடையாளம் காண உதவுவது ஃபுக்ஸின் வழிதான் என்பது என் கருத்து. அவ்வழியில் செல்வோர் ஒரே இனத்தின் பல மாதிரிகளை ஒப்பிட்டு, பூச்சி அரித்த துளை போன்ற தற்செயலானவற்றை நீக்கி, இனத்துக்குப் பொதுவானவற்றை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். நேரில் காணாத உறுப்பை ஊகித்துச் சேர்க்கக் கூடாது.

அடுத்தது எண்ணுதல். தாவரவியலாளர் லின்னேயஸ் பெரும்பாலும் மகரந்தத்தாள்களை அடிப்படையாகக் கொண்டு வகுத்த 24 வகுப்புகளை, 1736-இல் தாவர ஓவியர் கேயோர்க் எஹ்ரெட் படமாக வரைந்து காட்டினார். அந்த வகைப்பாடு இன்று வழக்கொழிந்துவிட்டது; எனினும், பூவின் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து வரையும் தேவை குறையவில்லை. ஆகவே புல்லி இதழ், அல்லி இதழ், மகரந்தத்தாள் ஆகியவற்றின் எண்ணிக்கையையும், இலைகள் எதிரெதிராக அமைந்துள்ளனவா, மாறி மாறி அமைந்துள்ளனவா என்பதையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு ஒரு பூவை நெடுக்காக வெட்டி, சூற்பையானது, இதழ்கள் இணையும் இடத்துக்கு மேலே உள்ளதா, கீழே உள்ளதா என்று கைலென்சின் உதவியால் பாருங்கள்; செடியின் தாவரக் குடும்பத்தை அறிய இது பெரிதும் உதவும். பெரிதாக்கி வரையும் ஒவ்வொரு உறுப்பின் அருகிலும் அளவுக்கோடு (உறுப்பின் உண்மை அளவை அறிய உதவும், நீளம் குறித்த சிறு கோடு) இடுங்கள். 'இரண்டு மடங்கு' என்று எழுதி வைத்தால், அச்சில் படம் சுருங்கும்போது அந்தக் குறிப்பு பொய்யாகிவிடும்.

நிழல் மிதமாக இருக்கட்டும். செடியின் இயல்பான வடிவத்தை மறைக்கும் நிழல்களை வேண்டுமென்றே தவிர்த்ததாக ஃபுக்ஸே தம் முன்னுரையில் கூறுகிறார். ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து விழுவதாகக் கொள்வது மரபு.

பூவின் நிறம் விரைவில் மங்கும் என்பதால் அதை முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். தாவர ஓவியர் ஃபெர்டினாண்ட் பாவர் களத்தில் பென்சில் கோட்டோவியத்தின் மேல் நிறங்களுக்குரிய எண்களை மட்டும் குறித்துக்கொண்டு, பின்னர் அவற்றைக் கொண்டே வண்ணம் தீட்டினார். அவருடைய நினைவாற்றல் எல்லோருக்கும் வாய்க்காது. ஆதலால் எண்ணுக்குப் பக்கத்தில் சிறு வண்ணப் பட்டையும் தீட்டி வைப்பது நல்லது. மை தீட்டுவதற்கு முன், பென்சில் படத்தை அந்த இனத்தின் தாவரவியல் விவரணையோடு வரி வரியாக ஒப்பிட்டு, முரண்படும் இடங்களில் மீண்டும் மாதிரியையே பாருங்கள்.