சிட்னி கத்தோலிக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தாயிற்றா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் குடியிருக்கும் நம்மவர்களில் பலர் ஊரில் கான்வென்டில் படித்தவர்கள். அதே நம்பிக்கையில் பிள்ளையையும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் சேர்க்கிறார்கள். சிக்கலும் அங்கேதான். ஊரில் முக்கியமான விஷயம் என்றால் டைரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிவரச் சொல்வார்கள், மறந்தால் பிள்ளை வெளியே நிற்கும். இங்கே யாரும் துரத்த மாட்டார்கள். நியூஸ்லெட்டரிலோ ஆப்பிலோ போடுவார்கள், அதோடு சரி.

அதைப் படிக்காமல் வாட்ஸ்அப் குழுவை நம்புவதுதான் பெரிய தவறு. இரவு பத்து மணிக்கு ஒருவர் "நாளைக்கு முஃப்டியா?" (சீருடை போடாமல் வரும் நாளா) என்று கேட்பார், இன்னொருவர் "அடுத்த வாரம்னு நினைக்கிறேன்" என்பார், அதற்கு நாலு பேர் கட்டைவிரல் தூக்குவார்கள், காலையில் பார்த்தால் எல்லாரும் கலர் உடையில் வந்திருக்க உங்கள் பிள்ளை மட்டும் சீருடையில் நிற்கும். அன்றைக்கு 'கோல்ட் காயின்' கொண்டுவரச் சொன்னால் பயப்பட வேண்டாம், ஒரு டாலர் அல்லது இரண்டு டாலர் நாணயம்தான். ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று பிள்ளைகளுக்கு லீவு விடும் நாட்களும் நியூஸ்லெட்டரில்தான் வரும். அந்தத் தேதிகளை உடனே போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வேலைக்குப் போகிற அவசரத்தில் பூட்டின கேட்டைத்தான் பார்ப்பீர்கள்.

அப்புறம் திருப்பலி. இந்துப் பெற்றோர் சிலர் பூசை இருக்கிற நாளில் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் "எல்லாரும் வாங்குறாங்க, நீயும் வாங்கிக்கோ" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டும் வேண்டாம். பூசையில் கொடுக்கும் அப்பமான நற்கருணையை வாங்காத பிள்ளைகள் இருக்கையிலேயே இருக்கலாம், அல்லது கைகளை நெஞ்சின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போகலாம். பாதிரியார் ஆசீர்வாதம் மட்டும் கொடுத்து அனுப்புவார். இதை முந்தின நாளே வீட்டில் சொல்லிக்கொடுங்கள், வரிசையில் நின்று முழிக்க வேண்டியிருக்காது.

கத்தோலிக்கப் பெற்றோர் செய்யும் தவறு வேறு. வகுப்போடு சேர்த்துப் பள்ளியே புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுத்துவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். இங்கே பெரும்பாலும் அதை நடத்துவது உங்கள் பகுதியின் பங்குக் கோவில், பெயர் கொடுக்க வேண்டியது நீங்கள். ஞானஸ்நானச் சான்றிதழும் கேட்பார்கள். ஊரில் ஞானஸ்நானம் கொடுத்திருந்தால் அந்தப் பங்குக்கு எழுதி வாங்க நாளாகும், இப்போதே ஆரம்பியுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பிள்ளை ஒரு குட்டி அட்டைப் பெட்டியோடு வரும். காரித்தாஸ் அமைப்பின் ஏழைகளுக்கான நிதி அது, குப்பை என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.

கார் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9.30 வரையும், மாலை 2.30 முதல் 4 வரையும் பள்ளி எல்லைக்குள் 40 கிலோமீட்டர் வேகம்தான். பிள்ளைகளை இறக்கிவிடும் 'நோ பார்க்கிங்' இடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது, காரை விட்டு மூன்று மீட்டருக்கு அப்பால் போகவும் கூடாது. அங்கேயே நிறுத்திவிட்டு வகுப்புவரை போய்ப் பையை மாட்டிவிட்டு டீச்சரிடம் பேசிவிட்டு வருகிறவர்களால்தான் பின்னால் தெரு முழுக்க அடைத்துக்கொள்கிறது. பேச வேண்டுமென்றால் மின்னஞ்சல் போட்டு நேரம் கேளுங்கள்.

சாப்பாட்டுப் பெட்டியில் கடலை மிட்டாய், வேர்க்கடலைச் சட்னி வேண்டாம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள்.

டிசம்பரில் டிக்கெட் மலிவு என்று டெர்ம் முடியும் முன்பே ஊருக்குக் கிளம்புகிறவர்கள், டிக்கெட் போடுவதற்கு முன்னால் பள்ளியில் அனுமதி கேளுங்கள், நீண்ட விடுப்புக்குத் தனி விண்ணப்பம் உண்டு. ஒரு நாள் காய்ச்சலுக்கும் காரணம் எழுதித்தான் ஆக வேண்டும், அதற்கு ஏழு நாள் அவகாசம்.

தொப்பியில் பெயர் எழுதுங்கள். தொப்பி இல்லாத பிள்ளை விளையாட முடியாமல் நிழலில் உட்கார்ந்திருக்கும், தொலைந்துபோன தொப்பிகள் எல்லாம் ஒரே நிறம்.