சாதுவான மீன்களுக்கு நடுவே ஒரு ஃபைட்டர்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது 80 லிட்டர் தொட்டி. அதில் தரையில் மேயும் எட்டு கோரிடோராஸ் மீன்கள், பத்து சின்ன எம்பர் டெட்ரா மீன்கள். ஃபைட்டரை, அதாவது பெட்டா என்ற சண்டை மீனை, கடைசியாகத்தான் விட்டேன். முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொள்ளும். ஒரே தொட்டியில் இரண்டு ஆண் ஃபைட்டர்கள் கூடவே கூடாது. நீண்ட வால் கப்பி மீனையும் போட்டியாளன் என்றெண்ணித் துரத்தும். டைகர் பார்ப் மீனோ இதன் துடுப்பையே கடித்துக் குதறும்.

தாய்லாந்தில், நம் குறுவை வயல் போன்ற ஆழமில்லாத தண்ணீரில் வாழ்ந்த இனம் இது. அதனால் ஃபில்டரின் வேகத்தைக் குறையுங்கள். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மூடி மட்டும் கட்டாயம். துள்ளி வெளியே விழுந்துவிடும். மார்கழிக் குளிருக்கு ஹீட்டரை 26 டிகிரியில் வையுங்கள்.

தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, ஃபைட்டர் இருக்கும் பையைத் தொட்டித் தண்ணீரில் இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பையில் ஊற்றி, கடைசியில் மீனை மட்டும் விடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் அருகிலேயே உட்காருங்கள். எங்கள் நீல ஆண், செவுள் மூடியைத் தாடிபோல் விரித்து ஒரு டெட்ராவை நோக்கிப் பாய்ந்தது. டெட்ரா வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடிக்குள் நழுவியதும் விட்டுவிட்டது. அடர்ந்த செடி இல்லாத தொட்டியில் இதைச் செய்யாதீர்கள். மறுநாளும் துரத்தல் ஓயவில்லையென்றால், தயாராக வைத்திருக்கும் வேறு தொட்டிக்கு ஃபைட்டரை மாற்றிவிடுங்கள்.