விசைப்பலகை இல்லாத முரட்டு டேப்லெட்டில் விண்டோஸும் உபுண்டுவும்

பானசோனிக் டஃப்பேட் எஃப்ஸெட்-ஜி1 போன்ற 10.1 அங்குல முரட்டு டேப்லெட்டில் இரண்டு இயங்குதளங்களை நிறுவுவது பெரிய வேலை அன்று. நிறுவிய பின், அவற்றில் ஒன்றை விசைப்பலகை இன்றித் தேர்ந்தெடுப்பதுதான் சிக்கல். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு கொண்டுவரும் கிரப் பட்டியல், அதாவது எந்த இயங்குதளம் தொடங்க வேண்டும் என்று கேட்கும் திரை, மேல், கீழ் அம்புக்குறி விசைகளை எதிர்பார்க்குமே தவிர, விரல் தொடுகையைப் பொருட்படுத்தாது. ஆகவே தேர்வை அந்தப் பட்டியலுக்கு விடாமல், இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே அடுத்து எது தொடங்க வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது.

முதலில் விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரைப் பாருங்கள். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை டேப்லெட்டுக்கு வெளியே, முடிந்தால் காகிதத்தில், எழுதி வைத்த பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும். அடுத்து, கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், உபுண்டுவிலிருந்து அந்தப் பகுதியில் எதையும் எழுத முடியாமற்போகும். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி பகுதியின் மேல் விரலை வைத்து, சிறிய சதுரம் தோன்றும் வரை அழுத்தி எடுத்தால் வலது கிளிக் பட்டியல் வரும். அதில் பகுதியைச் சுருக்கும் ஷ்ரிங்க் வால்யூமைத் தேர்ந்து, உபுண்டுவுக்கு 40 ஜிபி அளவுக்காவது இடம் ஒதுக்குங்கள்.

உபுண்டு நிறுவல் கோப்பு ஏற்றிய பென்டிரைவைச் செருகியபின் செட்டிங்ஸ், ரெகவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் என்று சென்று மறுதொடக்கம் செய்தால் நீலத் திரை ஒன்று வரும். அது தொடுகைக்குக் கட்டுப்படும். அதில் யூஸ் எ டிவைஸ் என்பதைத் தொட்டுப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் கிரப் பட்டியல் வந்து நிற்கும். கையைக் கட்டிக்கொண்டு 30 வினாடி காத்திருந்தால் முதல் தெரிவு தானே தொடங்கிவிடும். உடனே நிறுவிவிடாமல், தொடுகை, வைஃபை, திரைச் சுழற்சி ஆகிய மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அங்கேயே சோதித்துக்கொள்ளுங்கள். நிறுவும் ஒரு நாளைக்கு மட்டும் யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; ஒரே யூஎஸ்பி துளைதான் உண்டென்றால் ஹப் ஒன்றும் தேவைப்படும்.

நிறுவும்போது முழு வட்டுக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கடவுச்சொல் கேட்கும் அந்தத் தொடக்கத் திரையில் திரை விசைப்பலகை வராது என்பதால், உங்கள் டேப்லெட்டே உங்களை வாசலில் நிறுத்திவிடும். இதன் விலை, உபுண்டு பகுதி பூட்டின்றி இருப்பது. களத்தில் தொலைந்துபோகக்கூடிய கருவியாதலால், முக்கியக் கோப்புகளை பிட்லாக்கர் காக்கும் பக்கத்திலேயே வையுங்கள். உள்நுழைவுத் திரையில் அந்தத் தொல்லை இல்லை: மேல் மூலையிலுள்ள அணுகல்தன்மைச் சின்னத்தைத் தொட்டுத் திரை விசைப்பலகையை இயக்கினால் போதும்.

நிறுவல் முடிந்ததும் உபுண்டு தன்னைத் தொடக்க வரிசையில் முதலாவதாக வைத்துக்கொண்டிருக்கும். உபுண்டுவின் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், எஃபிபூட்எம்ஜிஆர் என்ற கருவியை இயக்கினால் ஒவ்வொரு தொடக்கப் பதிவும் நான்கு இலக்கக் குறியுடன் தெரியும். வரிசையை மாற்றும் அதன் தெரிவால் விண்டோஸ் பூட் மேனேஜரை முன்னே கொண்டுவாருங்கள். லினக்ஸ்காரர்கள் சிலருக்கு இது பிடிக்காது. ஆனால் விண்டோஸ் புதுப்பிப்புகள் அவ்வப்போது தம்மை முதலிடத்துக்கு ஏற்றிக்கொள்வது உண்டு. அது ஏற்கெனவே முதலிடத்தில் இருந்தால் அவை வந்து எதையும் கலைக்க முடியாது. கிரப் வழியாக விண்டோஸைத் தொடங்கும்போது பிட்லாக்கர் சந்தேகப்பட்டு மீட்புச் சாவியைக் கேட்கக்கூடிய தொல்லையும் இதனால் ஒழிகிறது.

இனி உபுண்டு வேண்டும்போது யூஸ் எ டிவைஸ் திரையில் உபுண்டு என்ற பெயரைத் தொட வேண்டும். விண்டோஸுக்குத் திரும்ப, வெறுமனே மறுதொடக்கம் செய்தால் போதும். உபுண்டுவைப் புதுப்பித்துவிட்டு மீண்டும் அதற்கே வர வேண்டுமானால் மட்டும், அதே கருவியின் 'அடுத்த முறைக்கு மட்டும்' என்ற தெரிவில் உபுண்டுவின் குறியைக் கொடுத்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். இதை முகப்பில் ஒரு சின்னமாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியிராது.

விண்டோஸுக்குத் திரும்பியதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் மின்கலத்தைக் குறை சொல்லாதீர்கள். உபுண்டு வன்பொருள் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக வாசிக்கிறது; டைம்டேட்சிடிஎல் என்ற டெர்மினல் கட்டளை மூலம் உபுண்டுவையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.