எச்சில் செய்யும் வேலையை வடிகஞ்சியில் பார்ப்பது எப்படி?

“உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தைச் செரிக்கிறது” என்று எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் நாம் எல்லாரும், ஆனால் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. வீட்டில் சோறு வடிப்பீர்கள் என்றால் அரைமணி நேரம் போதும்.

முதலில் கண்ணாடி முன் நின்று கன்னத்தை இழுத்துப் பிடியுங்கள். மேல்வரிசையில் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு நேரே, உள்கன்னத்தில் ஒரு சின்ன மேடு தெரியும். காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியின் (பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அதுதான்) குழாய் அங்கேதான் திறக்கிறது. அந்த இடத்தைத் துணியால் ஒற்றிவிட்டு நாக்கில் துளி புளியை வையுங்கள், நீர் கசிவதைப் பார்க்கலாம். தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி என்று இன்னும் இரண்டு உண்டு.

சரி, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஒரு ஸ்பூன் எச்சில் சேருங்கள். ஊற வைப்பதற்கு எலுமிச்சையைத் தொடாதீர்கள், மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கக் கடைசியில் அயோடின் விடப்போகிறோம், எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி அந்த அயோடின் நிறத்தையே வெளுத்துவிடும், எச்சில்தான் சாதித்தது என்று ஏமாந்துபோவீர்கள். வடிகஞ்சி ஒரு ஸ்பூனுக்குப் பத்து ஸ்பூன் தண்ணீர் கலந்து, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறவிட்டு, மூன்று டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் பாதி எச்சில், மூன்றாவதில் மீதி எச்சிலைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றுங்கள். மூன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள்.

காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடினை வெளிர் டீ நிறத்துக்குத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் ஒரு சொட்டு வெள்ளைத் தட்டில் விட்டு, மேலே ஒரு சொட்டு அயோடின். மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும், அதனால் தண்ணீர் டம்ளர் கருநீலம், கொதித்த எச்சிலும் கருநீலம்தான், ஏனென்றால் சூட்டில் அமைலேஸ் செத்துவிட்டது. கொதிக்கவைக்காத எச்சில் விட்ட டம்ளர் மட்டும் நேரம் ஆக ஆக ஊதா, அப்புறம் செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் மஞ்சளே மிஞ்சும், மாவுச்சத்து உடைந்து மால்டோஸ் போன்ற சின்னச் சர்க்கரைகளாகிவிட்டது. சோற்றை வாயில் வைத்து மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிப்பதும் இதனால்தான். விழுங்கிய கவளத்துக்குள்ளும் இது கொஞ்ச நேரம் ஓடும், வயிற்றின் அமிலம் உள்ளே ஊறும்வரை.

எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிவிடுங்கள், குழந்தைகள் வாயில் வைத்துவிடக் கூடாது. தட்டில் கறை இருந்தால், ஒதுக்கிவைத்த எலுமிச்சையை இப்போது எடுத்துத் தேயுங்கள், வெளுத்துவிடும்.